ஊர்க்காரன் சொன்ன வரி

குற்றாலலிங்கம் ஒன்பது வருஷம் தற்காலிகமாக இருந்தார். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர் வேலை. ஒன்பது ஜூன் மாதங்களில் ஒன்பது தடவை, "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்று கமிட்டி சொல்லி அனுப்பியது. ஒரு மனிதனைத் தற்காலிகமாகவே வைத்திருப்பதில் ஒரு ருசி இருக்கிறது, கண்டவர்கள் விடமாட்டார்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான். ஞாயிற்றுக்கிழமையும் வருவான். முதல்வர் வீட்டு டிவி ஆன்டெனாவையும் ஏறித் திருப்பி வைப்பான். நிரந்தரமானவன் இதெல்லாம் செய்வானா?

வீட்டிலும் அந்தத் தற்காலிகம் கூடவே இருந்தது. மனைவி பிரம்மநாயகியின் அக்கா வீட்டுக்காரர் விக்கிரமசிங்கபுரத்தில் மில்லில் வேலை பார்த்தார். படிப்பு எட்டாம் வகுப்பு, ஆனால் நிரந்தரம். அந்த வீட்டுக்கு விசேஷத்துக்குப் போனால் அவருக்கு நாற்காலி, எம்.எஸ்சி. படித்த குற்றாலலிங்கத்துக்குப் பாய். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அப்படித்தான் அமைந்துவிடும். திரும்பி வரும் பஸ்ஸில் பிரம்மநாயகி ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வருவாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜனவரியில் ஒரு நாள் அவருக்குப் பொறுமை போயிற்று. முதல்வர் ஹரிஹரசுப்பிரமணியன் அறையில் போய் நின்று, "இந்தத் தடவை என்னை நிரந்தரம் பண்ணலேன்னா என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது சார்" என்று சொல்லிவிட்டார். முதல்வர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பிராக்டிகல் பரீட்சை நல்லபடியா முடியட்டும். ஏப்ரல் கமிட்டியில் ஆர்டர் போட்டுடலாம்" என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மாதத்தின் பெயர் சொல்லப்பட்டது. பிரம்மநாயகி அன்றைக்கே அக்காவுக்குக் கடிதம் போட்டாள்.

கமிட்டி இறங்கி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. திருட்டுச் சாஃப்ட்வேர் வைத்திருக்கும் கல்லூரிகளில் சோதனை வரப் போகிறதென்று ஒரு பேச்சு கிளம்பியபோது, குற்றாலலிங்கம் தாமாகவே படித்து, லேப் முழுவதையும் லினக்ஸுக்கு மாற்றியிருந்தார். லினக்ஸ் யாருக்கும் சொந்தமில்லாதது. உலகத்தில் அங்கங்கே இருக்கிறவர்கள் கூலி வாங்காமல் எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. சும்மா கிடைக்கிறது, சட்டத்துக்கும் பயமில்லை. ஆனால் ஒன்று கெட்டுப்போனால் போய்ச் சண்டை போட ஒரு கடை கிடையாது. தெரிந்தவனிடம் தெரியாதவன் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கேட்பதற்கு இரண்டு வாசல் இருந்தது. ஒன்று மெயிலிங் லிஸ்ட். அதற்கு ஒரு கடிதம் எழுதினால், அதில் சேர்ந்திருக்கும் நானூறு பேருக்கும் அது போகும். ஒருவர் சொல்லும் பதிலும் அப்படியே நானூறு பேருக்கும் வரும். பதில் வர ஒரு நாளாகலாம், மூன்று நாளாகலாம். கேட்டதும் சொன்னதும் பெயரோடு தேதியோடு காலத்துக்கும் அங்கேயே கிடக்கும். யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். இன்னொன்று சாட். அங்கே பெங்களூரிலும் சென்னையிலும் கம்பெனி வேலையில் இருக்கும் பையன்கள் இருபது முப்பது பேர் எந்நேரமும் உட்கார்ந்திருப்பார்கள், சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஏதோ ஒரு பட்டப்பெயரில். கேட்டால் அந்த நிமிஷமே பதில். பேசியதெல்லாம் திரையில் மேலே மேலே ஏறி மறைந்துபோகும். பேசினதைச் சேமித்து வைக்க ஒரு வழி உண்டு. அதை யாரும் குற்றாலலிங்கத்துக்குச் சொல்லித் தரவில்லை.

லிஸ்டில் அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால், பிரிண்டர் ஓடவில்லை என்று. அவருடைய இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்த இங்கிலீஷ். எழுதும்போது காலும் கையும் பின்னிக்கொள்ளும். அதைப் பார்த்து எவனோ ஒருவன், "நண்பரே, பிரிண்டர் இருக்கட்டும். முதலில் இங்கிலீஷை நிறுவிக்கொள்ளும்" என்று எழுதினான். அதன் கீழே ஆறு பேர் சிரித்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து மாதுரி என்றொரு பெண் மட்டும் நாலே வரியில் வழி சொல்லியிருந்தாள். பிரிண்டர் ஓடிற்று. ஆனால் அந்தக் கடிதங்கள் அங்கேயே கிடந்தன அல்லவா? கடைசி வருஷப் பையன்கள் எப்படியோ தேடி எடுத்துவிட்டார்கள். மறுநாள் லேப் கரும்பலகையில் "இங்கிலீஷை நிறுவிக்கொள்ளும்" என்று எழுதியிருந்தது. அழித்தார். அதற்கடுத்த நாளும் எழுதியிருந்தது. நானூறு பேர் நடுவில் வாங்கிய அடி ஞாபகம் இருக்கும். அங்கேயே கிடைத்த மருந்து ஞாபகம் இருக்காது. மனுஷ சுபாவம் அது. லிஸ்ட் பக்கம் இனித் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

மார்ச் மாதம், பிராக்டிகலுக்கு நாலு நாள் இருக்கையில், லேபின் பெரிய கம்ப்யூட்டர் "இடமில்லை" என்று சொல்லி நின்றது. மாணவர்கள் மூன்று வருஷமாக எழுதிய புரோகிராம், புராஜெக்ட், ஆசிரியர்கள் போட்ட இன்டர்னல் மார்க் எல்லாம் அதற்குள்தான். குற்றாலலிங்கம் கவனமான ஆள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து இரண்டாவது டிஸ்கில் வைத்திருந்தார். அந்த இரண்டாவது டிஸ்க்கும் அதே பெட்டிக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் லிஸ்டுக்கு எழுதத்தான் உட்கார்ந்தார். நோட்டில் பென்சிலால் எட்டு வரி எழுதினார். படித்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் இங்கிலீஷ் சரியா என்று சந்தேகம் வந்தது. கரும்பலகை கண் முன்னால் வந்தது. தாளைக் கிழித்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதல்வர் அறைக்குப் போனார். கல்லூரிக்கு இருந்த ஒரே இணைய இணைப்பு அங்கே, போன் லைன் வழியாகத்தான். முதல்வர் வகுப்பில் இருந்தார். மத்தியானம் மூன்று மணி. சாட்டில் நுழைந்தார்.

அங்கேயும் முதலில் கேலிதான். ஒருவன் "புஸ்தகத்தைப் படி" என்றான். இன்னொருவன் கொட்டாவி விட்டதுபோல் எழுதினான். வெளியே வந்துவிடலாமா என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, 'நாகம்' என்ற பட்டப்பெயரில் ஒருவன், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதினான்.

"அண்ணாச்சி எந்த ஊரு?"

குற்றாலலிங்கத்துக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நம் பக்கத்து ஆளைக் கவிழ்க்க வேறு எதுவும் வேண்டாம், இந்த ஒரு கேள்வி போதும். ஊரைக் கேட்டால் தெருவைச் சொல்வான், தெருவைக் கேட்டால் தாத்தா பெயரைச் சொல்வான், அதற்குள் எங்கேயோ ஒரு சம்பந்தம் கிடைத்துவிடும். கிடைத்துவிட்டால் பெட்டிச் சாவியை எடுத்து நீட்டிவிடுவான். எம்.எஸ்சி. படித்திருந்தாலும் அப்படித்தான்.

"பாளையங்கோட்டை. தம்பிக்கு?"

"நமக்குச் சீவலப்பேரி. இப்பம் பெங்களூர்ல இருக்கேன். அண்ணாச்சி சைவாளா?"

"ஆமா, சைவப் பிள்ளைமாருதான்."

"அப்படிப் போடுங்க. நம்ம வீட்டு ஆளு. அம்மா பொறந்தது உங்க பாளையங்கோட்டைதான், கோயிலுக்குப் பொறத்தால தெரு."

"எனக்கும் அந்தத் தெருவுல சித்தப்பா இருக்காவ!"

ஐந்து நிமிஷம் இப்படியே போயிற்று. கல்லூரி போன் ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற நினைவுகூட அவருக்கு இல்லை. ஒன்பது வருஷத்தில் இந்தக் கம்ப்யூட்டர் விஷயமாக அவரிடம் ஒருவரும் இவ்வளவு அன்பாகப் பேசினதில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"இது ஒரு பிரச்சனையா அண்ணாச்சி? பழைய தூசியெல்லாம் அடைஞ்சிருக்கும். ஒரு வரி சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

வந்தது ஒரு நீளமான வரி. பாதிக்கு மேல் புள்ளியும் கோடும் அடைப்புக்குறியும். இவருக்குத் தெரிந்த கட்டளை ஒன்றும் அதில் வெளிப்படையாக இல்லை. "இது என்ன செய்யும் தம்பி?" என்று கேட்டார். கேட்கத்தான் செய்தார், அதை மறந்துவிடக் கூடாது.

"கூட்டித் தள்ளும். வேண்டாததெல்லாம் போயிரும். ஒரு புள்ளி தப்புனாலும் வேலை செய்யாது அண்ணாச்சி. எழுதினதை ஒரு தரம் திருப்பிச் சொல்லுங்க, பாப்போம்."

குற்றாலலிங்கம் ஒரு காகிதத்தில் அழகாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பி அடித்துக் காட்டினார். ஒரு இடத்தில் கோடு விட்டுப்போயிருந்தது. நாகம் அதைத் திருத்திக் கொடுத்தான். "இப்பம் சரி. பைய அடிங்க" என்றான். குற்றாலலிங்கம் நன்றி சொல்லி, போன் செலவாகுமே என்று இணைப்பைத் துண்டித்துவிட்டு, காகிதத்தோடு லேபுக்கு நடந்தார். அவர் பின்னால் அந்தப் பேச்சு முழுவதும் இல்லாமல் போயிற்று.

அடித்தார். பெட்டி கடகடவென்று ஓடத் தொடங்கியது. இடம் காலியாகிறதென்று நினைத்து அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழு நிமிஷம் கழித்து, சோதித்துப் பார்க்கலாமென்று ஒரு கட்டளை அடித்தார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. வேறொன்று அடித்தார். அதுவும் இல்லை என்றது. மின்சாரத்தைப் பிடுங்கினார். திரும்பப் போட்டபோது அந்தப் பெட்டிக்குத் தன் பெயர்கூடத் தெரியவில்லை. இரண்டாவது டிஸ்க்கும் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டாகக் கிடந்தது.

ஓடினார். திரும்பச் சாட்டில் நுழைந்தார். நாகம் அங்கேயேதான் இருந்தான்.

"என்ன அண்ணாச்சி, சுத்தமாச்சா?"

அவ்வளவுதான். அதன் கீழே சிரிப்பு. ஒருவன், இருவர், பத்துப் பேர். திரை நிறைந்து மேலே ஏறி, மறுபடி நிறைந்தது. வகுப்பு முடிந்து முதல்வர் உள்ளே வந்தபோது குற்றாலலிங்கம் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல்வர் போன் பேச வேண்டும் என்றார். இணைப்பைத் துண்டித்தார். சிரிப்பும் போயிற்று.

பிராக்டிகல் பரீட்சையைப் பக்கத்துக் கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி நடத்தினார்கள். புராஜெக்ட் போன பையன்கள் குற்றாலலிங்கம் போகிற வழியில் காறித் துப்பினார்கள். விசாரணை என்று ஒன்று நடந்தது. குற்றாலலிங்கம் நடந்ததைச் சொன்னார். அந்தக் காகிதத்தை நீட்டினார்.

முதல்வர் வாங்கிப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துன்னா இருக்கு?"

"அவன் சொன்னான், நான் எழுதினேன் சார்."

"சொன்னதுக்குச் சாட்சி?"

"சாட்ல சொன்னது சார். அது நிக்காது."

"அதாவது, ஒரு முகம் தெரியாதவன், ஒரு நிக்காத இடத்தில், உங்க காதில் வந்து சொன்னான். நீங்களும் செஞ்சுட்டீங்க." முதல்வர் குரலை உயர்த்தவே இல்லை. "ஜனவரியில் இதே இடத்தில் நின்னுண்டு, நிரந்தரம் பண்ணலேன்னா என்ன நடக்கும்னு தெரியாதுன்னு சொன்னேள். ஞாபகம் இருக்கா? கமிட்டியில் சில பேர் வேற மாதிரி நினைக்கிறா. வேணும்னே அழிச்சிருக்கேள்ங்கறா."

குற்றாலலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது மட்டுமல்ல. தாழியை உடைத்ததே நீதான் என்கிறார்கள். ஏப்ரல் ஐந்தாம் தேதி கமிட்டி. அதற்குள் வேறொருவன் சொல்லித்தான் செய்தார் என்பதற்கு எழுத்தில் ஒன்று வர வேண்டும். வந்தால், ஏமாந்தவர் என்று வைத்துக்கொண்டு வேலையில் விடுவார்கள். வராவிட்டால் போலீஸுக்குப் போகாமல் வீட்டுக்கு அனுப்புவதே பெருந்தன்மை.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். இவருக்குச் சாட்சிக்காரனே கிடையாது. சண்டைக்காரனைத் தேடுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. சீவலப்பேரியிலிருந்து பெங்களூர் போய்க் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சைவாள் வீட்டுப் பையன் எத்தனை பேர் இருக்க முடியும்? சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கேட்டார். "நம்ம ஆவுடைநாயகம் மவன் சிவசங்கரனைச் சொல்லுதீயளா? பத்திர ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனாவள்லா, அவுக மவன். ஜூன்ல அமெரிக்கா போறான்" என்று பதில் வந்தது.

சிவசங்கரன்! அந்தப் பெயர் குற்றாலலிங்கத்துக்குத் தெரியும். லிஸ்டில் எல்லோரும் மதிக்கிற ஆள். நிதானமாக, நாகரிகமாக, ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் கடிதம் எழுதுகிறவன். அவன் எழுதிய இரண்டு கடிதங்களை இவர் அச்செடுத்து லேப் சுவரில் ஒட்டிக்கூட வைத்திருந்தார். அதே கைதானா இது? அதே கைதான். அங்கே எழுதினால் நிற்கும், வேலை கொடுக்கிறவன் படிப்பான்; அதனால் அங்கே நல்லவனாக இருக்க வேண்டும். இங்கே எதுவும் நிற்காது. எத்தனை படித்தவர்களுக்கு இப்படி இரண்டு இடம் தேவைப்படுகிறது என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊரில் இருந்தாலும் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வந்தாக வேண்டும். சிவசங்கரனும் வந்திருந்தான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வயல் நடுவே கோயில். குடும்பம் குடும்பமாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக, சிவந்த முகமும் கண்ணாடியுமாக, பார்த்தாலே பெண் கொடுக்கலாம் போன்ற பையன். குற்றாலலிங்கம் தன் பெயரைச் சொன்னார். ஒரு கணம் அவன் முகம் மாறியது. பிறகு சிரித்தான்.

"வாங்க அண்ணாச்சி. நெசமாவே நீங்க அடிப்பீயன்னு நான் நெனைக்கல."

"ஏன் தம்பி அப்படிச் செஞ்சீய?"

"உங்களுக்குன்னு செய்யல. புதுசா வாரவனுக்கெல்லாம் சொல்லுத வரிதான் அது. பாதிப் பேரு கண்டுபிடிச்சிருவான். கண்டுபிடிக்காதவன் ஒரு தரம் பட்டாத்தான் படிப்பான்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. அதுக்குத்தான் ஒரு நகல் வெளியே வைக்கணும்ங்கது."

"ஊரு, தெரு, யாரு எவருன்னு எல்லாம் கேட்டீயளே?"

"அது பேச்சுக்குக் கேட்டது அண்ணாச்சி" என்றான் சிவசங்கரன், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

இதற்குள் அவன் அப்பா ஆவுடைநாயகம் வந்துவிட்டார். முழுவதையும் கேட்டார். மகனைப் பார்த்து, "நீ செஞ்சது தப்புலே" என்றார். குற்றாலலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னப் பய. மன்னிச்சிருங்க. சாஸ்தாவுக்கு முன்னால கேக்கேன்." குற்றாலலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ரெண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார்.

ஆவுடைநாயகம் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

"எழுத்தா? எழுத்துங்கது லேசுன்னு நெனச்சீயளா? முப்பது வருஷம் பத்திர ஆபீஸ்ல இருந்தவன் நான். வாயால ஆயிரம் சொல்லலாம். எழுதிட்டா எழுதினதுதான். அவன் ஜூன்ல வெளிநாடு போறான் பாத்துக்கிடுங்க."

"அப்பம் நீங்களாவது வந்து எங்க பிரின்ஸ்பால்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் என்னத்தக் கண்டேன்? அவன் சொல்லுதான், நீங்க சொல்லுதீய. நான் பாக்கலியே."

குற்றாலலிங்கம் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கல்லூரியை, கமிட்டியை, ஒன்பது வருஷத்தை, பிரம்மநாயகி அக்காவுக்குப் போட்ட கடிதத்தைக்கூடச் சொன்னார். பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் அப்பனையும் மகனையும் உறுத்தியது. சிவசங்கரன் குனிந்து, "எந்திரிங்க அண்ணாச்சி. அஞ்சாந்தேதிக்குள்ள நான் லிஸ்ட்ல எழுதுதேன். எம் பேரு போட்டே எழுதுதேன். போதுமா?" என்றான்.

"சாஸ்தாவுக்கு முன்னால சொல்லுதீயளா?"

"சாஸ்தா ஆணையா. ஆனா அதுவரைக்கும் எம் பேரை நீங்க ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாது. நானா எழுதினாத்தான் எனக்கும் மரியாதை."

"சொல்ல மாட்டேன் தம்பி. சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள். குற்றாலலிங்கம் வாங்கிச் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் வாங்கினார். வேறு எதை நினைத்து ஆறினாலும், அந்தப் பொங்கலைச் சாப்பிட்டதை மட்டும் அவரால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, "எல்லாம் சரியாயிரும்" என்றார். "யாரு எழுதித் தாராவ அத்தான்?" என்று பிரம்மநாயகி கேட்டாள். "ஒரு பெரிய இடத்துப் பையன். பேரு சொல்லக் கூடாதுன்னு இருக்கு" என்றார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. முதல்வரிடமும் அப்படியேதான் சொன்னார். ஐந்தாம் தேதி வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கடிதம் வந்துவிட்டதா என்று ஒரு பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்திருக்கலாம். சாமி முன்னால் சொன்னவனை வேவு பார்ப்பதா என்று இருந்துவிட்டார். இந்த நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை, முதல்வர் அறையில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இணைப்புப் போடத் தெரிந்தவர் அந்தக் கல்லூரியில் குற்றாலலிங்கம் ஒருவர்தான். அதனால் அவரையே போடச் சொன்னார்கள். மோடம் கீச்சிட்டு அடங்கியது. லிஸ்டில் மேலேயே இருந்தது கடிதம். சிவசங்கரன், சொந்தப் பெயரில். வாக்கு மாறவில்லை. குற்றாலலிங்கத்துக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. "வந்துட்டுது சார்" என்று எழுந்து நின்றார்.

முதல்வர் உட்கார்ந்து, இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். "புதியவர்களுக்கு எங்கே உதவுவது என்பது தலைப்பு. 'என் சொந்த ஊர்ப் பக்கத்து நண்பர் திரு. குற்றாலலிங்கம், ஒரு கல்லூரியின் லேப் உதவியாளர், சமீபத்தில் தமக்குப் பொருள் தெரியாத ஒரு கட்டளையைத் தம் கையாலேயே அடித்து, மூன்று வருஷத்து மாணவர்களின் உழைப்பை அழித்துவிட்டார். யாரோ விளையாட்டாகச் சொன்னதை நம்பினார் போலிருக்கிறது. வெளியில் ஒரு நகல் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இல்லை. அவரை நேரில் சந்தித்தேன். கண்கலங்கினார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் லிஸ்டில் நானூறு பேர் முன்னால் கேட்க இப்படிப்பட்டவர்கள் வெட்கப்படுகிறார்கள். ஆகவே புதியவர்களின் கேள்விகளை லிஸ்டில் எடுப்பதை நிறுத்திவிட்டு, இனிமேல் அவர்களைச் சாட்டுக்கு அனுப்புவோம். ஜூனில் நான் அமெரிக்கா போன பிறகும், அங்கே பொறுமையாகக் கைபிடித்து நடத்த நானும் என் நண்பர்களும் தயாராக இருக்கிறோம்.'"

கமிட்டிக்காரர் ஒருவர், "என்னமா எழுதியிருக்கான்!" என்றார்.

"எழுத்தில் கேட்டோம், எழுத்தில் வந்துடுத்து" என்றார் முதல்வர். "வேணும்னு அழிக்கலை. சரி. ஆனா பொருள் தெரியாம, தன் கையாலேயே, வெளியில் நகல் இல்லாம. இதை வச்சுண்டு நான் எப்படி உங்களை லேபில் விட முடியும்?"

"சார், அந்த வரியை எனக்குச் சொன்னவனே இவந்தான் சார்! இந்தச் சிவசங்கரன்தான்!"

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். முதல்வர்தான் சிரித்தார். "இத்தனை நாள் பேர் சொல்ல மாட்டேன்னேள். இன்னிக்கு உங்களுக்காகப் பரிஞ்சு எழுதின பையன் மேலேயே பழி போடறேளே?"

குற்றாலலிங்கம் திரையைப் பார்த்தார். சிவசங்கரனின் கடிதத்துக்குக் கீழே இருபத்திரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள். இனிப் புதியவர்களெல்லாம் சாட்டுக்கே போகட்டும் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறாக இருந்தது. கோயம்புத்தூர் மாதுரி கேட்டிருந்தாள்: "அந்த வரியை அவருக்குச் சொன்னது யார்?" அதற்கு யாரும் பதில் எழுதியிருக்கவில்லை.

கமிட்டிக்காரர் முதல்வர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். முதல்வர் தலையாட்டினார்.

"குற்றாலலிங்கம், உட்காருங்கோ. இந்தப் பையனுக்கு ஒரு லெட்டர் அடிக்கணும். அமெரிக்கா போறதுக்கு முன்னால் ஒரு ரெண்டு நாள் வந்து நம்ம லேபைச் சரிபண்ணிக் கொடுக்க முடியுமான்னு. நம்ம ஊர்ப் பையன், மாட்டேன்னு சொல்ல மாட்டான். அது நல்லபடியா முடிஞ்சா, உங்களையும் ஜூனில் தற்காலிகமா எதிலாவது போட முடியுமான்னு பாக்கலாம்."

குற்றாலலிங்கம் உட்கார்ந்தார். மாதுரியின் கேள்வி கண்ணுக்கு நேரே இருந்தது. இரண்டு சொல் அடித்தால் போதும், நானூறு பேருக்கும் போகும், காலத்துக்கும் நிற்கும். விரல்கள் அதற்காக எழும்பியதைக்கூட அவர் உணர்ந்தார். ஆனால் ஜூன் என்று சொல்லிவிட்டார்களே. தற்காலிகமாகவாவது. விரல்களை மடக்கிக்கொண்டார்.

முதல்வர் சொல்லச் சொல்ல அடித்தார். 'அன்புள்ள திரு. சிவசங்கரன்' என்று தொடங்கியது. ஒரு இடத்தில் முதல்வர் சொன்ன இங்கிலீஷில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது, அதையும் சேர்த்தார். முகவரி சரியா என்று இரண்டு தரம் பார்த்தார். அனுப்பினார்.

"போயிடுத்தா?"

"போயிட்டுது சார்."

"சரி. லேப் சாவியை அந்த மேஜை மேல வச்சுட்டுப் போங்கோ. அந்தப் பையன் வந்தா வேணும்."